எந்தச் சந்தைக்குக் கிளம்புவது?

ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ இருந்துகொண்டு பொம்மை, நாணயம், தபால்தலை என்று சேர்ப்பவருக்கு முதல் செலவு ரயில் டிக்கெட்தான். சென்னையில் நடக்கும் கண்காட்சி என்றால் சேது எக்ஸ்பிரஸிலோ போட் மெயிலிலோ இரவெல்லாம் பயணம், பகலில் கண்காட்சி, மறுபடி இரவு ரயில். மதுரை பரவாயில்லை, காலையில் போய் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சென்னைவாசி ஞாயிறு மதியம் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரும் இடத்துக்கு நாம் மாதச் சேமிப்பைக் கரைத்துப் போகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டிக்கெட், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 300 ரூபாய்க்கு ஒரு பொம்மைக் கார் வாங்கினால் அதன் அசல் விலை 1,800. ஐந்து கார் வாங்கினால் ஒவ்வொன்றும் 600. அதே கார் தபாலில் 450 ரூபாய்க்கு வீடு தேடி வருமானால் இந்தப் பயணம் எதற்கு? கையில் எடுத்துப் பார்த்தால்தான் தரம் தெரியும் பொருளுக்கும், ஆளை நேரில் பார்த்தால்தான் கிடைக்கும் பொருளுக்கும் மட்டும் பயணம் செய்யுங்கள்.

மேசைக்குப் பின்னால் யார்?

நோட்டீஸைப் பார்த்ததும் நாம் தேடுவது அங்கே என்னென்ன இருக்கும் என்பதை. அதைவிட முக்கியம், விற்பவர் யார் என்பது. பொம்மை செய்கிறவரே உட்கார்ந்திருக்கிறாரா, வாங்கி விற்கும் டீலரா, அல்லது நம்மைப் போலவே சேர்ப்பவர் தன்னிடம் கூடுதலாக இருப்பதை மாற்றிக்கொள்ள வந்திருக்கிறாரா? செய்கிறவரிடம் விலை குறைவு, சொல்லிச் செய்யவும் வைக்கலாம். டீலரிடம் அரிய பொருள் இருக்கும், விலையும் இருக்கும். சக சேகரிப்பாளரிடம் பொருளைவிட விவரம் அதிகம் கிடைக்கும். இந்த மூவரும் ஒரே கூரையின் கீழ் வருவது அபூர்வம். உங்களுக்கு இப்போது யார் வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதிக் கண்காட்சிகள் தாமாகவே கழிந்துவிடும்.

முதலில் கழிக்க வேண்டியவை வர்த்தகக் கண்காட்சிகள். டெல்லி பிரகதி மைதானத்தில் நடக்கும் டாய் பிஸ், மும்பையில் நடக்கும் கிட்ஸ் இந்தியா போன்றவை கடைக்காரர்களும் உற்பத்தியாளர்களும் ஆர்டர் பேசும் இடங்கள். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் 1950 முதல் நடக்கும் உலகப் புகழ்பெற்ற பொம்மைக் கண்காட்சியும் அப்படித்தான். பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. பெயரில் ‘சர்வதேச’ என்று இருப்பதைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். ஒற்றைப் பொம்மை அங்கே யாரும் விற்க மாட்டார்கள்.

அடுத்தது நம் ஊர்ப் பள்ளி, கல்லூரிகளில் நடக்கும் ‘பழங்கால நாணயக் கண்காட்சி’. நோட்டீஸில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று பத்துப் பெயர் இருந்து, ஸ்டால்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் அது பார்வைக்கு மட்டும். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு ஒரே ஒருவரின் சேகரிப்பைப் பரப்பியிருப்பார்கள். வாங்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் பக்கத்து ஊர் என்றால் இதை விடாதீர்கள். மாணவர் கூட்டம் கலைந்த பிறகு, மூன்று மணிக்கு மேல் போங்கள். காலையிலிருந்து ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லி அலுத்திருக்கும் அந்த மனிதரிடம் விஷயம் தெரிந்த ஒரு கேள்வி கேட்டால் பையிலிருந்து இன்னொரு ஆல்பம் வெளியே வரும். மதுரையில் எந்த டீலர் நேர்மையானவர், யார் பாலிஷ் போட்ட காசை விற்பவர் என்கிற தகவலும் அங்கேதான் இலவசமாகக் கிடைக்கும்.

திருவிழாவே பொம்மைச் சந்தை

நாட்டுப் பொம்மை சேர்ப்பவர் சென்னைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. நம் மாவட்டத்துத் திருவிழாக் கடைகளைவிட நல்ல சந்தை அவருக்குக் கிடையாது. சித்ரா பௌர்ணமிக்குப் பரமக்குடியில் சுந்தரராஜப் பெருமாள் அழகராக வைகையில் இறங்கும்போது ஆற்றோரம் முளைக்கும் கடைகள், ஆடியில் ராமேஸ்வரம் திருக்கல்யாணம், மார்கழித் திருவாதிரைக்கு மரகத நடராஜரின் சந்தனக்காப்பு களையும் உத்தரகோசமங்கை, ஏர்வாடி சந்தனக்கூடு. இவற்றில் ஏர்வாடியின் தேதியில் மட்டும் கவனம் வேண்டும். அது துல்கஃதா மாதக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். போன வருடத் தேதியை நம்பிப் போனால் காலிப் பந்தலைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கடைகளில் பத்தில் ஒன்பது இன்றைக்குப் பிளாஸ்டிக். நடுத்தெருவில், விளக்கு வெளிச்சத்தில் தேடினால் வெறுத்துப்போய்த் திரும்புவீர்கள். தரை வாடகை கொடுக்க முடியாதவர் கடைக்கோடியில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். பனையோலைக் கிலுகிலுப்பையும் ஓலைக் காற்றாடியும் மண் ஊதலும் அவரிடம்தான். திரி ஏற்றித் தண்ணீரில் விட்டால் தடதடவென்று ஓடுமே, அந்தத் தகரப் படகும் சில வருடங்களில் கண்ணில் படும். 1891இல் தாமஸ் பியோ என்பவர் பிரிட்டனில் காப்புரிமை கேட்ட எந்திரம் அது. உள்ளே ஒரு சின்னக் கொதிகலனும் இரண்டு குழாயும்தான். வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று ஓட்டிப் பார்க்க, ஒன்று பெட்டியில் வைக்க. உப்புக்காற்று அடிக்கும் நம் ஊரில் ஓட்டிய படகு அடுத்த வருடம் துருப்பிடித்துத்தான் இருக்கும்.

திருவிழாவுக்குப் போகும் நாளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். முக்கிய நாளன்று போனால் பொம்மைக்காரருக்கு உங்களோடு பேச நேரமிருக்காது. முந்தின நாள் சாயங்காலம் சரக்கு அவிழ்க்கும்போது போங்கள். எந்த ஊரிலிருந்து வருகிறார், அடுத்து எந்தத் திருவிழா என்று கேட்டுவையுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு வட்டம் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள். இரண்டு பேரின் வட்டம் தெரிந்துவிட்டால் உங்களுடைய ஆண்டு நாட்காட்டி தானாகத் தயாராகிவிடும். பேரம் பேசி விலையைக் குறைக்க நினைத்தால் கடைசி நாள். என் அபிப்பிராயத்தில், ஓலைக் கிலுகிலுப்பைக்குப் பேரம் பேசுகிறவர் சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

கொலுப் பொம்மைக்கு வேறு வழி. நவராத்திரிக்கு முன் பூம்புகார் விற்பனை நிலையங்களில் கொலுப் பொம்மைக் கண்காட்சி நடக்கும். பல ஊர் வேலைப்பாட்டையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல இடம். பார்த்து, விலையைக் குறித்துக்கொண்டு, திருப்பரங்குன்றம் பக்கத்திலிருக்கும் விளாச்சேரிக்குப் போய்விடுங்கள். அங்கே செய்கிறவர் வீட்டுத் திண்ணையிலேயே வாங்கலாம். ஆவணிக்குள் போனால் விரும்பிய செட்டை விரும்பிய வண்ணத்தில் செய்துதரச் சொல்ல முடியும்; புரட்டாசி பிறந்துவிட்டால் மிச்சத்தில் பொறுக்க வேண்டியதுதான். பொம்மையைக் கையில் எடுத்து விரலால் தட்டுங்கள். சுட்ட மண் கணீரென்று சொல்லும். காகிதக்கூழ் எடையில்லாமல் மந்தமாக ஒலிக்கும். பாரிஸ் சாந்து கனமாக இருக்கும், உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்பாக வெளுத்துத் தெரியும். விலை கேட்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

போகிற வழியில் மானாமதுரை வருகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மண்பாண்டம் அங்கே. கடம் பிரபலம் என்றாலும், சிறு சட்டி பானைச் சொப்புகளுக்காகவும் இறங்கலாம். மரச் சொப்புக்கு அம்பாசமுத்திரம், தலையாட்டிக்குத் தஞ்சாவூர். இரண்டும் நமக்குத் தூரம் என்பதால் சித்திரையில் மதுரையில் நடக்கும் அரசுப் பொருட்காட்சியில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நம் ஊர்ப் பொருள் வெளியூரில்

தபால்தலையிலும் நாணயத்திலும் நிலைமை தலைகீழ். பொம்மை நம்மைத் தேடி வருகிறது. நம் கடற்கரையின் தாள்களும் காசுகளுமோ வெளியூர் மேசைகளில் கிடக்கின்றன. உதாரணம் தனுஷ்கோடி. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று கொழும்புப் பயணம் நடந்தது. போட் மெயில் என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வந்த புயலில் ஊரே போயிற்று. அந்த ஐம்பது ஆண்டுகளில் தனுஷ்கோடித் தபால் முத்திரை விழுந்த உறைகளும், இலங்கை வரை செல்லும் ரயில் டிக்கெட்டுகளும் எங்கே போயிருக்கும்? கடிதம் யாருக்குப் போனதோ அவர் ஊருக்கு. அதனால்தான் சென்னையிலும் கொழும்பிலும் தேட வேண்டியிருக்கிறது. டீலரின் அட்டைப் பெட்டியில் ‘தென்னிந்தியா, பலவகை’ என்று எழுதிப் போட்டிருக்கும் கட்டுதான் உங்கள் இலக்கு. அவருக்கு அது பத்தோடு பதினொன்று. முத்திரையின் தேதியைப் படிக்கப் பூதக்கண்ணாடி ஒன்று பையில் இருக்கட்டும்.

அஞ்சல் துறை மாவட்ட, மாநில, தேசிய அளவுகளில் கண்காட்சி நடத்துகிறது. மாவட்ட அளவில் மாணவர்களின் காட்சிச் சட்டங்களே அதிகம், டீலர்கள் குறைவு. மாநில அளவுக் கண்காட்சிதான் நமக்கு ஏற்றது; போட்டிச் சேகரிப்புகளைப் பார்த்து ஒரு சேகரிப்பை எப்படிக் கதையாக அடுக்குவது என்று கற்கலாம், டீலர் மேசைகளும் போதுமான அளவு இருக்கும். டெல்லியில் 2011 பிப்ரவரியில் நடந்த இண்டிபெக்ஸ் போன்ற உலகக் கண்காட்சிக்கு வாழ்நாளில் ஒருமுறை போகலாம். காதித் துணியில் அச்சிட்ட காந்தி தபால்தலை வெளியானது அங்கேதான். புதுத் தபால்தலைக்காக மட்டும் எந்தக் கண்காட்சிக்கும் போக வேண்டாம். தபால்தலைச் சேகரிப்பு மையத்தில் 200 ரூபாய் கட்டி வைப்புக் கணக்கு தொடங்கினால் வெளியீடுகள் வீட்டுக்கே வரும். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், தபால்தலை சேர்க்கும் மாணவருக்கான ஸ்பர்ஷ் உதவித்தொகையைப் பற்றி அங்கேயே கேளுங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய்.

நாணயத்தில் நம் ஊர்ப் பெருமை ‘சேது’ காசு. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டது. நந்தியும் ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் இருக்கும். விலை கேட்பதற்கு முன் அசல் எப்படி இருக்கும் என்று கண் பழக வேண்டும். சென்னைக் கண்காட்சிக்குப் போகிற நாளில் காலை இரண்டு மணி நேரத்தை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்கு ஒதுக்குங்கள். அங்கேயே 1988இல் தொடங்கிய குழந்தைகள் அருங்காட்சியகத்தில் பொம்மைகளும் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள்.

எச்சரிக்கை ஒன்று, ராமேஸ்வரத்துக்காரருக்கு இது அவசியம். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன், மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818’ என்று இருக்கும் காசைக் கோயில் ஊர்களில் காட்டி லட்சம் பேசுவார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. சிலதில் 1616 என்றுகூட ஆண்டு இருக்கும்! பத்து ரூபாய்க்குக் கொடுத்தால் விளையாட்டுப் பொருளாக வாங்கலாம். பழைய நோட்டை வாங்க ரிசர்வ் வங்கி கமிஷன் கேட்கிறது என்று யாராவது சொன்னால் அங்கிருந்து நடையைக் கட்டுங்கள். அப்படி எதிலும் தாங்கள் ஈடுபடவில்லை என்று 2021 ஆகஸ்டில் வங்கியே அறிவித்திருக்கிறது. செல்லாத 500, 1000 ரூபாய் நோட்டு மேசையில் இருந்தாலும் ஆசைப்பட வேண்டாம். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரணமாகப் பத்து நோட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து வரை.

‘அழகன்குளத்தில் கிடைத்த ரோமானியக் காசு’ என்று சொல்லி நீட்டினால் அதுவும் வேண்டாம். பொய்யென்றால் பணம் போகும், மெய்யென்றால் தொல்லை வரும். மண்ணில் கிடைத்த புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878இலிருந்து சட்டம். நூறாண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கும் இது பொருந்தும். அந்தத் தெரு கண்காட்சி எதையும்விட மேல் என்பேன். வருடமெல்லாம் திறந்திருக்கும், எனாமல் பாத்திரமும் ரவிவர்மா அச்சுப்படமும் பார்த்துக்கொண்டே அரை நாள் போகும். பில் கேளுங்கள். பில் தர முடியாது என்கிற பொருள் உங்களுக்கு வேண்டாம்.

கடல் பொருளையும் இங்கேயே சொல்லிவிடலாம். பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, நாட்டிலஸ் ஓடு, ராட்சதச் சிப்பி, ஐவிரல் சங்கில் சில வகைகள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. தாத்தா காலத்துச் சேகரிப்பு என்று சொல்லி வெளியூர்க் கண்காட்சி மேசையில் வைத்தாலும் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல் பூங்காவின் கரையில் வசிப்பவருக்கு ‘தெரியாது’ என்ற சாக்கு எடுபடாது.

கார், கதாநாயகர், காமிக்ஸ்

மிச்சம் இருப்பது இளைஞர்களின் துறை. காமிக் கான் 2024 பிப்ரவரியில் முதன்முறையாகச் சென்னைக்கு, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. வேடமணிந்து வரும் கூட்டம், மேடை நிகழ்ச்சி, பெரிய நிறுவனங்களின் ஸ்டால். நண்பர்களோடு போனால் ஜாலியான நாள். பழைய பொருள் தேடிப் போனால் ஏமாற்றம். புதுச் சரக்கே அதிகம், நுழைவுச்சீட்டும் மலிவில்லை. சென்னையில் தங்க ஆள் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

டை காஸ்ட் கார் சேர்ப்பவர்கள் ஓட்டலிலோ காபிக் கடையிலோ கூடி மாற்றிக்கொள்ளும் சிறு கூடுகைகள் இதைவிடப் பிரயோஜனம். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது. அட்டை பிரிக்காததற்கு ஒரு விலை, பிரித்த லூஸ் பீஸுக்கு ஒரு விலை. போவதற்கு முன் வாட்ஸ்அப்பில் ‘இது என்னிடம் கூடுதலாக இருக்கிறது, இது வேண்டும்’ என்று பட்டியலை அனுப்பி, இரண்டு பேராவது கொண்டுவருவதாக உறுதி சொன்ன பிறகே டிக்கெட் போடுங்கள். எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் சென்னையை மையமாகக் கொண்டு 1987இல் தொடங்கியது. அதன் பழைய ஜி.ஐ. ஜோ வீரர்களை, அமெரிக்காவில் வராத வண்ணக் கலவைகளுக்காக வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். இவை கண்காட்சியில் அநியாய விலை. பரணில் ஏறுங்கள், பெரியம்மா வீட்டுப் பரணிலும் ஏறுங்கள். ராமநாதபுரம், பரமக்குடியில் முப்பது வருடப் பழைய ஃபேன்சி ஸ்டோர்களின் பின்னறையைக் கேட்டுப் பாருங்கள்.

கிளம்பும் முன் அமைப்பாளருக்கு ஒரு போன் போடுங்கள். விற்பனை உண்டா, எத்தனை மேசை, எந்தெந்த ஊர் டீலர்கள், எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், கடைசி நாள் டீலர்கள் எப்போது மூட்டை கட்டுவார்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ‘மாலை 6 வரை’ என்று நோட்டீஸில் போட்டிருந்தாலும் வெளியூர் டீலர் மூன்று மணி பஸ்ஸுக்குப் பெட்டியை மூடியிருப்பார். ஐப்பசி, கார்த்திகையில் பயணம் வைத்தால் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்திலும் காற்று மிஞ்சினால் ரயிலை நிறுத்தத்தான் செய்வார்கள். அந்த மாதங்களில் காகிதக்கூழ் பொம்மை வாங்கினால் செய்தித்தாள் சுற்றி, அதன்மேல் பாலிதீன் உறை போட்டு, சீட்டுக்கு அடியில் தள்ளாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக் கதவோரம் தேங்கும் மழைத் தண்ணீர் முதலில் சீட்டுக்கு அடியில்தான் ஓடி வரும்.